படத்தின் பெயரைக் கேட்டால்தான் சொல்வோம்

1

நேற்றுக் காலை பதினொரு மணிக்கு எங்கள் ஊரில் அபாயச் சங்கு ஊதியது. பயப்படும்படி ஒன்றுமில்லை. ஜெர்மனியில் ஆண்டுக்கு ஒரு நாள் இப்படிச் சோதித்துப் பார்ப்பார்கள். போர் வந்தால், வெள்ளம் வந்தால், சங்கு ஒழுங்காக ஊதுமா என்று. ஊரிலுள்ள எல்லாக் கைப்பேசிகளும் ஒரே நேரத்தில் அலறும். நான் தரப் பரிசோதகராக வேலை பார்க்கும் பட்டறையில் யாரும் தலைகூட நிமிர்த்தவில்லை. நான் மட்டும் அளவு பார்க்கும் வெர்னியரை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய், மிதிவண்டிகள் நிறுத்துமிடத்தில் நின்றேன்.

போன ஆண்டு இதே சங்கைக் கேட்டுவிட்டு நான் ஏழெட்டு வரிகள் எழுதி அனுப்பினேன். அதனால் கும்மிடிப்பூண்டியில் ஒருவருக்கு வேலை போகவிருந்தது.

பழைய போர்ப் படங்களில், எதிர்ப்புப் படங்களில் பார்க்க வேண்டியவற்றைச் சொல்லுங்கள் என்று இந்தப் பத்திரிகை வழியாக உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். சொல்கிறேன். ஆனால் பெயர்கள் இருக்காது. அது ஏன் என்று சொல்ல வேண்டுமானால் அந்த ஏழெட்டு வரிகளின் கதையைச் சொல்லியாக வேண்டும். இன்னும் கோபம் தீராமல்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

இருபது ஆண்டுகளுக்கு முன் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வண்டிகளுக்கான பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். என் அப்பா பொன்னேரிப் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர். நான் டிப்ளமா படித்தேன். மூன்றாவது லைனின் கடைசியில் ஒரு மேசை, ஒரு விளக்கு, ஒரு முத்திரை. சரியாக இருந்தால் முத்திரை, இல்லையென்றால் சிவப்புப் பெட்டி. அந்த லைனில் போல்ட் முடுக்கியவர்களில் ஒருவர் எத்திராஜ். என்னைவிட நான்கு வயது இளையவர். என்னை "யக்கா" என்பார். என் பெயர் ஸ்டெல்லா என்பதே அவருக்கு ஓராண்டு கழித்துத்தான் தெரிந்தது.

புதுவாயல் கூட்டு ரோட்டில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே காலியாகக் கிடந்த அறையை எத்திராஜ் பேசி வாங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை, நாஷ்டா முடித்துவிட்டுப் பத்துப் பேர் அங்கே கூடுவோம். ஒரு பழைய டி.வி., ஒரு டிவிடி பிளேயர், சென்னையிலிருந்து வாங்கிவரும் வட்டுகள். எல்லாம் கறுப்பு வெள்ளைப் படங்கள், எல்லாம் புரியாத மொழிகள். கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடும். அதை உடனுக்குடன் தமிழில் சத்தமாகப் படித்துச் சொல்வது என் வேலை. சுடப்படும் வீரன் கடைசியாகச் சொல்வது, குழந்தையைத் தேடும் தாய் கத்துவது, அதிகாரி உறுமுவது எல்லாம் என் குரலில்தான். "யக்கா, அந்த ஆபீசருக்கு மட்டும் கொஞ்சம் கடுப்பா படி" என்பார்கள். படிப்பேன்.

அந்த அறைக்கு ஒரு சட்டம் இருந்தது. ஒருவர் இன்னொருவருக்குப் படத்தைச் சிபாரிசு செய்யும்போது பெயரைச் சொல்லக்கூடாது. ஒரு காட்சியை மட்டும் சொல்ல வேண்டும், அதையும் பாதியில் நிறுத்த வேண்டும். கேட்டவருக்கு ஆசை வந்தால் அவரே பெயரைக் கேட்பார். கேட்டால்தான் சொல்வோம். அப்படிக் கேட்டவர் அடுத்த ஞாயிறு நாற்காலி போட்டு உட்காரலாம். எத்திராஜ் போட்ட சட்டம் இது. "பேர சொன்னா, பாத்துட்டேம்பான். கதைய சொன்னா, தெரியும்பான். பாதி சீன சொல்லு, தூக்கம் வராம தானா வருவான்" என்பது அவர் கணக்கு.

உதாரணத்துக்கு ஒன்று. ஒரு நாட்டைப் பிடித்துக்கொண்ட படை, இனிமேல் எல்லாக் கடிகாரங்களும் எங்கள் தலைநகரத்து நேரத்தைத்தான் காட்ட வேண்டும் என்று உத்தரவு போடுகிறது. மலையடிவாரத்துக் கிராமம் ஒன்றில் மறுநாள் காலை ஒரு கடிகாரமும் ஓடவில்லை. தேவாலயத்து மணிக்கூண்டு, ரயில் நிலையம், அதிகாரி தங்கியிருக்கும் வீட்டுச் சுவர், எல்லாமே நின்றுவிட்டன. அதிகாரி தன் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறான். பிறகு...

இன்னொன்று. முற்றுகையிடப்பட்ட நகரத்தில் ஒரு தபால்காரர் இடிந்த வீடுகளுக்கும் கடிதம் கொண்டுபோகிறார். கதவு இல்லாத வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்து, கடிதத்தின் பின்புறம் எதையோ எழுதிப் பையில் திரும்பப் போட்டுக்கொள்கிறார். என்ன எழுதினார் என்று படத்தின் கடைசி நிமிடத்தில்தான் தெரியும்.

இரண்டையும் பாருங்கள். மூன்றாவதுதான் எங்களை மாட்டிவிட்ட படம்.

3

கல்யாணமாகி, கைக்குழந்தையோடு நான் இங்கே வந்து பதினாறு ஆண்டுகள் ஆகின்றன. அந்த அறையும் போய்விட்டது. அந்தப் பத்துப் பேர் மட்டும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருந்தோம். சட்டமும் இருந்தது.

போன ஆண்டு சங்கு ஊதியபோது எனக்குப் பழைய தொழிற்சாலையின் ஆறு மணிச் சங்கு நினைவுக்கு வந்தது. அதோடு ஒரு படமும். மதிய இடைவேளையில் ரொட்டியைக் கடித்துக்கொண்டே குழுவில் எழுதினேன்:

"ஆறு மணிக்கு சங்கு ஊதும். மூணாவது லைன்ல இருக்கிறவங்க ஆளுக்கு ஒரு போல்ட்டை மட்டும் அரை சுத்து லூசா விடுவாங்க. யாரும் யார்கிட்டயும் சொல்லக்கூடாது. தட்டிப் பாத்தா சத்தம் சரியாத்தான் இருக்கும். வண்டி பாலத்து மேல போகும்போதுதான் தெரியும். அப்போ யாரைப் பிடிப்பாங்க?"

அவ்வளவுதான். பாதியில் நிறுத்தினேன். பெயர் போடவில்லை.

எத்திராஜ் இப்போதும் அதே தொழிற்சாலையில், அதே மூன்றாவது லைனில்தான் இருக்கிறார். படித்ததும் பிடித்துப்போய், தன் ஷிப்ட்காரர்களின் குழுவுக்கு அதை அப்படியே அனுப்பிவிட்டார். அந்தக் குழுவில் சூப்பர்வைசர்களும் இருந்தார்கள். அதே வாரம், வாங்கியவர்களிடமிருந்து ஒரு பெட்டி பாகங்கள் திரும்பி வந்தன. போல்ட்டுகள் தளர்ந்திருப்பதாக அதில் குறிப்பு.

மூன்றாம் நாள் எத்திராஜைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். குற்றச்சாட்டு: நாசவேலைக்குத் தூண்டியது.

நாசவேலை! இருபது ஆண்டுகளில் ஒரு நாள்கூட லேட்டாக வராத ஆள். மெஷினில் விரல் நசுங்கியபோது, கட்டுப் போட்டுக்கொண்டு மறுநாளே வந்து நின்ற ஆள். ஒரு சினிமாக் காட்சியைப் படித்துவிட்டு, இது எந்தப் படம் என்று கேட்க அந்த அலுவலகத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. திருட்டுத்தனமாகச் சதி செய்கிறவன் சூப்பர்வைசர் இருக்கும் குழுவிலா போடுவான்?

குற்றப் பத்திரிகை வந்த அன்றே எங்கள் குழுவிலிருந்து ஒவ்வொருவராக வெளியேறினார்கள். மாலைக்குள் எட்டுப் பேர் போய்விட்டார்கள். மிஞ்சியது நானும் எத்திராஜும்.

4

போன் போட்டேன்.

"ஒண்ணும் இல்ல யக்கா. ஒரு சின்ன பேஜாரு" என்றார் எத்திராஜ். பின்னால் லாரி ஹாரன் காதைக் கிழித்தது. எளாவூர் செக்போஸ்ட் பக்கத்தில் அவர் மச்சானின் பஞ்சர் கடையில் இருந்தார்.

"இன்னா சின்ன பேஜாரு? உன்ன வேலைய விட்டு நிறுத்திக்கிறானுங்க."

"மன்னிப்பு எழுதிக் குடுன்றானுங்க. குரூப்ல யார் யார் இருக்கறாங்கன்னு பேரும் கேக்கறானுங்க. குடுத்தா வார்னிங்கோட முடிஞ்சிரும்."

"எழுதாத எத்தி. அது படம்னு நான் நிரூபிக்கறேன். படத்தையே அனுப்பறேன்."

"வேணாம் யக்கா. படம் கிடம் அனுப்பிக்கினு இருக்காத. நான் பாத்துக்கறேன்."

"நீ இன்னாத்த பாத்துக்குவ? தலைய குனிஞ்சிக்கினு கையெழுத்து போட்டுட்டு வருவ. அவ்ளோ படம் பாத்து இதானா கத்துக்கின?"

"எம் பொண்ணு ட்வெல்த்து படிக்குது யக்கா." குரல் உயரவில்லை. "நீ அங்க இருந்துக்கினு பேசற."

அந்த வாக்கியம் என்னோடு இரண்டு வாரம் குடியிருந்தது.

நானும் சும்மா இருக்கவில்லை. இங்கே எதையும் தாளில் எழுதி முத்திரை வாங்கிவிட்டால் உண்மையாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அது படக்காட்சிதான் என்று தமிழில் ஒரு வாக்குமூலம் எழுதிக்கொண்டு நோட்டரி அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த பெரியவர் தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, தான் படிக்க முடியாததற்குச் சான்று தர முடியாது என்றார். அரசு அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரைத் தேடினேன். அவர் வேறு ஊரில். அவர் தாளைப் படித்துவிட்டு, "பாலம், வண்டி, போல்ட்... இதில் எனக்கு ஏதும் சிக்கல் வராதே?" என்று மின்னஞ்சல் அனுப்பினார். ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலும் அதே பயம். மொழிபெயர்த்து எடுத்துப் போனால், "உங்கள் கையெழுத்து உங்களுடையதுதான் என்று மட்டும் நான் சொல்வேன். உள்ளே இருப்பது உண்மையா என்பது என் வேலை இல்லை" என்றார் நோட்டரி. எத்தனை கண்ணியமாகச் சொன்னார் தெரியுமா! எனக்கு மேசையில் குத்த வேண்டும்போல் இருந்தது. ஆனால் என்னுடையது பட்டறை ஜெர்மன். நாற்பது கருவிகளின் பெயர் தெரியும். 'அநியாயம்' என்பதற்குச் சொல் வரவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டில் என் மகள் ஜெனியிடம் அந்தச் சொல்லைக் கேட்டேன். பதினாறு வயது. கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். பிறகுதான், "ஏன்?" என்றாள்.

சொன்னேன். அவளுக்கு எதிர்ப்பு என்பது பள்ளியில் ஒரு பாடம். நினைவிடத்துக்கு வகுப்போடு போய்வந்தாள், கட்டுரை எழுதினாள், நல்ல மதிப்பெண் வாங்கினாள், முடிந்தது. எங்கள் ஊர் அவளுக்கு எப்போதும் 'உங்க ஊர்'தான். கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள்.

"அம்மா, மெசேஜ் யார் எழுதினது?"

"நான்."

"அந்த அங்கிள் எழுதல."

"இல்ல."

"நீ சோபால உக்காந்து அவர ஹீரோவா இரு, ஹீரோவா இருன்னு சொல்ற. பேப்பர் எதுக்கு அனுப்பற? நீ போ."

கோபம்தான் வந்தது. பெற்றவளிடம் பேசுகிற பேச்சா என்று கத்தினேன். அடுத்த நாள் விடுப்பு எழுதிக் கொடுத்து, விமான டிக்கெட் எடுத்தேன். வருகிறேன் என்று எத்திராஜுக்குச் செய்தி அனுப்பினேன். "வராத யக்கா" என்று மட்டும் பதில் வந்தது. பயப்படுகிறார் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், கோழை என்றே நினைத்தேன்.

5

தொழிற்சாலை வாசலில் பதிவேடு. காவலாளி என் கைப்பேசியின் கேமரா மேல் ஒரு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு, "வந்த காரணம் இன்னா மேடம் எழுதறது?" என்றார்.

"படம் காட்ட."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு 'விசிட்' என்று எழுதிக்கொண்டார்.

பயிற்சி அறையில் விசாரணை. வெளியிலிருந்து அமர்த்தப்பட்ட ஒரு வயதான வழக்கறிஞர்தான் விசாரணை அதிகாரி. அவருக்கு வலப்பக்கம் எச்.ஆர். மேலாளர், நல்ல இஸ்திரி போட்ட சட்டை. ஓரத்தில் ஒரு தட்டச்சர். நடுமேசையில் சாட்சிப் பொருட்கள்: திரும்பி வந்த இரண்டு பாகங்கள், எத்திராஜின் இடத்திலிருந்து எடுத்துவந்த டார்க் ரெஞ்ச், அதாவது போல்ட்டை இத்தனை இறுக்கம்தான் என்று அளந்து முடுக்கும் கருவி. எத்திராஜ் எதிரே உட்கார்ந்திருந்தார். தலையில் பாதி நரைத்திருந்தது. என்னைப் பார்த்து லேசாகத் தலையாட்டினார், அவ்வளவுதான்.

"படத்தோட பேரை ஏன் மறைச்சீங்க?" என்றார் மேலாளர்.

"மறைக்கல சார். எங்களுக்குள்ள ஒரு வழக்கம். கேட்டாதான் சொல்வோம்."

"கேட்டாதான் சொல்வீங்களா? எங்களுக்கு என்ன விளையாட்டா இது?"

"நீங்க எழுத்துல கேட்டீங்க, நான் எழுத்துல சொல்லிட்டேன் சார்" என்றார் எத்திராஜ் அமைதியாக. "ரூல்படி பாத்தா நீங்களும் எங்க குரூப்பு இப்ப."

தட்டச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். விசாரணை அதிகாரி இருமினார். "படத்தைப் போடுங்கம்மா."

போட்டேன். பத்துப் பேரும் பார்த்த படம்தானே என்று நான் அதைத் திரும்பப் பார்க்காமலே கொண்டுவந்திருந்தேன். கீழே ஆங்கிலம் ஓடியது. "எனக்குக் கண்ணு தெரியல. நீங்களே தமிழ்ல சொல்லுங்க, பதிவாகட்டும்" என்றார் விசாரணை அதிகாரி. பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு நான் மறுபடியும் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன். முதல் அரை மணி நேரம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ரயில் பெட்டிகள் செய்யும் பட்டறை, சிப்பாய்கள், பசி. மேலாளர்கூட நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டார்.

பிறகு அந்தக் காட்சி வந்தது.

அதில் போல்ட் இல்லை. சங்கு இல்லை. மூன்றாவது லைன் என்று ஒன்றும் இல்லை. லைனின் கடைசியில் ஒரு மேசை, ஒரு விளக்கு, கையில் முத்திரையோடு ஒரு பெண். பெட்டிகளை இணைக்கும் கொக்கி ஒன்றில் விரிசல் இருக்கிறது. அவள் பார்க்கிறாள். பார்த்துவிட்டு முத்திரை குத்துகிறாள். அவள் ஒருத்தி மட்டும்.

நான் படித்துக்கொண்டே போக வேண்டியிருந்தது. சிப்பாய்கள் வருகிறார்கள். யார் செய்தது என்று கேட்கவில்லை. பக்கத்து மேசையில் அரத்தால் இரும்பைத் தேய்த்துக்கொண்டிருக்கும் மனிதரைப் பிடித்து இழுக்கிறார்கள். அவர் ஒன்றும் செய்யாதவர். அவர் சொல்லும் ஒரே வார்த்தை கீழே ஓடியது. "நானா?" என்று படித்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

மேலாளர் எழுந்து விளக்கைப் போட்டார். "மேடம், போல்ட் எங்கே?"

படத்தை நிறுத்தினேன்.

"ஆறு மணிச் சங்கு எங்கே? மூணாவது லைன் எங்கே? இதெல்லாம் நம்ம கம்பெனியில இருக்கு. உங்க படத்துல இல்லையே."

"அது... நாங்க பேசிக்கிட்டது சார்."

"யார் யாரு நாங்க? பேர் சொல்லுங்க."

பத்துப் பெயர்களும் நாக்கு நுனிக்கு வந்தன. உண்மையைச் சொல்லத்தானே இவ்வளவு தூரம் வந்தேன் என்று ஒரு கணம் தோன்றியது. அதற்குள் எத்திராஜ் எழுந்து நின்றார்.

"சார், அந்த போல்ட்டு கதை எங்கதை. இருவது வருசத்துக்கு முன்னாடி இந்தப் படத்த பாத்துட்டு நான் சொன்னது. யக்காவுக்கு அது படத்துல வந்தா மாரி ஞாபகம். நான்தான் சொன்னேன். எழுதிக்கோங்க."

அப்போதுதான் எனக்கு எல்லாம் திரும்பி வந்தது. அந்த ஞாயிறு எத்திராஜ் கொதித்தது. "இன்னா படம் இது? ஒருத்தி பண்றா, ஒருத்தன் மாட்டிக்கினு போறான். ஆளுக்கு ஒண்ணு பண்ணா யாரப் புடிப்பான்?" என்றார். பத்துப் பேரும் சாயங்காலம் வரை அந்தப் படத்தைத் திருத்தி எழுதினோம். எங்கள் லைன், எங்கள் சங்கு, எங்கள் போல்ட். நான் படத்தை மறந்து, எங்கள் திருத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டிருந்தேன். அதிலும் கேவலம், பரிசோதகர் மேசையில் உட்கார்ந்திருந்த நான், படத்தில் இருந்த பரிசோதகரைத் துடைத்து எடுத்திருந்தேன்.

எத்திராஜுக்கு இது முதலிலிருந்தே தெரியும். வராதே என்றது அதனால்தான்.

தட்டச்சர் அவர் சொன்னதை அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. குனிந்து மேசையைப் பார்த்தேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்யும் வேலை, கண் தானாகப் போகும். டார்க் ரெஞ்சின் கைப்பிடியில் அந்தச் சின்ன மஞ்சள் ஸ்டிக்கர் இருந்தது. அந்தக் கருவி சரியாக அளக்கிறதா என்று குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை சோதித்து, அடுத்த சோதனை எப்போது என்று அதில் எழுதி ஒட்டுவார்கள். அந்தத் தேதி தாண்டிய கருவியை லைனில் வைக்கவே கூடாது.

"ஐயா" என்றேன் விசாரணை அதிகாரியிடம். "இந்த ஸ்டிக்கரைக் கொஞ்சம் படிங்க."

"மேடம், அது இந்த விசாரணைக்குச் சம்பந்தமில்லாதது" என்றார் மேலாளர்.

"சம்பந்தமில்லாததை ஏன் சார் மேசையில வெச்சிருக்கீங்க?" என்னை அறியாமல் சத்தம் போட்டுவிட்டேன். "பெட்டி திரும்பி வந்ததுக்கு அஞ்சு மாசம் முன்னாடியே இதோட தேதி முடிஞ்சிருக்கு. இது இறுக்கிட்டேன்னு கிளிக் அடிக்கும். இறுக்கியிருக்காது. இதை வெச்சு முடுக்கினா எந்த போல்ட்டும் லூசாத்தான் இருக்கும். எத்திராஜ் முடுக்கினாலும் சரி, நீங்க முடுக்கினாலும் சரி. லைன் ஸ்பீடை ஏத்த நேரம் இருக்கு, ரெஞ்சை அனுப்பிச் சோதிக்க நேரம் இல்லை. அதுக்கு ஒரு மனுசன் மேல நாசவேலைன்னு எழுதுவீங்களா?"

விசாரணை அதிகாரி கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். ரெஞ்சை விளக்குக்கு அருகே கொண்டுபோனார். தேதியை ஒவ்வொரு எண்ணாக வாய்விட்டுப் படித்தார். தட்டச்சர் அடித்தார்.

6

வெளியே வந்து புதுவாயல் கூட்டு ரோட்டில் டீ குடித்தோம். சைக்கிள் கடை இருந்த இடத்தில் கைப்பேசிக் கடை. மேலே எங்கள் அறையில் ஒடிசாவிலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் அடுக்குக் கட்டிலில் தங்கியிருக்கிறார்கள். சன்னலில் வரிசையாக நீலச் சீருடை காய்ந்தது.

"ஏன்டா சொல்லல?" என்றேன். "படத்துல அது இல்லன்னு போன்லயே சொல்லியிருக்கலாம் இல்ல?"

"எப்பிடி யக்கா சொல்றது? நீ அவ்ளோ ஆசையா எழுதியிருந்த. நான் சொன்னத இருவது வருசம் ஞாபகம் வெச்சிக்கினு, அதப் படம்னு நெனச்சிக்கினு இருந்துக்கிற. படிச்ச ஒடனே தெரிஞ்சிது இது எங்கதைன்னு. சந்தோஷம் தாங்கல. அதான் லைன் குரூப்புக்கு போட்டேன்." டீயை ஆற்றினார். "பெருமை யக்கா. வேற ஒண்ணும் இல்ல."

"உன்னக் கோழைன்னு நெனச்சேன்."

"தெரியும். உன் கொரல்லயே தெரிஞ்சிது."

"பேரு ஏன் குடுக்கல? அந்த எட்டு பேரும் உன்ன விட்டுட்டு ஓடிட்டானுங்க இல்ல?"

சிரித்தார். "படம் பேரு கேட்டாதான சொல்லணும்னு ரூலு? ஆளு பேருக்கு ரூலு போடலியே. ஓடுனா ஓடட்டும். எல்லாருக்கும் ஊடு இருக்குது, புள்ளைங்க இருக்குது."

எனக்கு அந்தப் பெருந்தன்மை இல்லை. இன்றைக்கும் இல்லை. அந்த எட்டுப் பேரில் ஒருவர்கூட எத்திராஜ் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அந்த ஆத்திரத்தில் அவர்களைத் திட்டிக்கொண்டே இருந்தேன். எத்திராஜ் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கிளாசைக் கீழே வைத்தார்.

"யக்கா, அன்னிக்கு நான் கேட்டேன் இல்ல, ஆளுக்கு ஒரு போல்ட்ட லூசு பண்ணா யாரப் புடிப்பான்னு?"

"ஆமா."

"ஒருத்தனப் புடிப்பான். அவ்ளோதான். எவனாச்சும் ஒருத்தன. படம் எடுத்தவனுக்கு அது தெரிஞ்சிக்கிது. நமக்குத்தான் தெரியல."

நான் ஜெர்மனி திரும்பிய பிறகு உத்தரவு வந்தது. நாசவேலை நிரூபிக்கப்படவில்லையாம். ஆனால் அச்சமூட்டும் செய்தியைப் பரப்பியதற்காக எழுத்து மூலம் எச்சரிக்கையாம். எத்திராஜ் மறுபடியும் மூன்றாவது லைனுக்குப் போனார். டார்க் ரெஞ்ச் பற்றி உத்தரவில் ஒரு வரி இல்லை. சோதிக்காமல் விட்டவர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. விசாரணை அதிகாரி வாய்விட்டுப் படித்தாரே, தட்டச்சர் அடித்தாரே, அந்தத் தாள் எங்கே போனது? மன்னிப்பு யாரும் கேட்கவில்லை. இரண்டு மாதம் பஞ்சர் கடையில் உட்கார்ந்திருந்த மனிதருக்கு ஒரு "சாரி" கிடையாது. இதைக் கேட்டதும் ஜெனி நான் அன்று கேட்ட சொல்லைத் தானாகச் சொன்னாள். இம்முறை கைப்பேசி அவள் கையில் இல்லை.

எச்சரிக்கைக் கடிதத்தின் படத்தை எனக்கு அனுப்பிய எத்திராஜ், கீழே ஒரு வரி சேர்த்திருந்தார். "அந்தப் படத்த எழுது யக்கா. இந்த வாட்டி கரெக்டா எழுது. பேரு மட்டும் போடாத."

எழுதுகிறேன்.

பிடிபட்ட ஒரு நாடு. ரயில் பெட்டிப் பட்டறை. லைனின் கடைசியில் ஒரு பெண், கையில் முத்திரை. விரிசல் விட்ட கொக்கியை அவள் சரி என்று அனுப்பிவிட்டாள். சிப்பாய்கள் பக்கத்து மேசைக்காரரை இழுத்துப் போகிறார்கள். அவர், "நானா?" என்கிறார். வாசல் வரை திரும்பித் திரும்பி அவளையே பார்க்கிறார். செய்தது அவள் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் அவர் அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. கேமரா அவள் முகத்துக்குப் போகவில்லை, கையில் நிற்கிறது. லைனில் அடுத்த கொக்கி வந்து நிற்கிறது. அந்தக் கை முத்திரையை எடுக்கிறது.

இதற்குமேல் சொல்ல மாட்டேன். பெயர் வேண்டுமானால் கேளுங்கள்.